மரக்கூப்பு தந்த வெள்ளை கிரேவி

பன்றி இறைச்சியோ கோழியோ பொரித்த பின் சட்டியில் தங்கும் கொழுப்பில் கோதுமை மாவை வறுத்து, பால் விட்டுக் காய்ச்சினால் வெள்ளை கிரேவி. உப்பும் மிளகுத்தூளும் தவிர வேறு மசாலா கிடையாது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களிலும் அப்பலாச்சிய மலைப்பகுதியிலும் இதைக் காலையில் பிஸ்கட்டின் மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். அங்கே பிஸ்கட் எனப்படுவது தேநீரில் தோய்க்கும் பண்டமல்ல. பேக்கிங் பவுடர் சேர்த்துச் சுடும் மெத்தென்ற சிறு ரொட்டி.

ஏழைகளின் தொன்மையான உணவு என்று இதைச் சொல்வது வழக்கம். ஏழைகளின் உணவு என்பது சரி. தொன்மை என்பதில்தான் சிக்கல். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அப்பகுதியின் எளிய குடும்பங்கள் மக்காச்சோளத்தையும் பன்றியையுமே நம்பியிருந்தன. குளிர் தொடங்கியதும் பன்றியை அறுத்து, கொழுப்பை உருக்கி ஆண்டு முழுவதுக்கும் சேர்த்து வைப்பார்கள். கொழுப்புக்குப் பஞ்சமில்லை, வெள்ளைக் கோதுமை மாவுதான் அரிது.

பால் சேர்த்த குழம்பு வசதியுள்ள வீடுகளில் முன்பே இருந்தது. மேரி ராண்டால்ஃப் 1824-இல் வெளியிட்ட ‘தி வர்ஜீனியா ஹவுஸ்-வைஃப்’ என்ற சமையல் நூல், பொரித்த கோழியின் மேல் ஊற்ற அரை பைண்ட் கெட்டிப் பாலில் வெண்ணெய், மிளகு, உப்பு, பார்ஸ்லி சேர்த்துக் காய்ச்சச் சொல்கிறது. குழம்பில் மாவு இல்லை. இத்தகைய வீடுகளின் அடுப்படியில் வெந்தவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்கள். சமையல் நூல்களில் அவர்கள் பெயர் ஏறவில்லை.

1880-களில் கோதுமை அரைக்கும் உருளை ஆலைகள் பரவ, வெள்ளை மாவின் விலை இறங்கியது. டென்னசியின் நாக்ஸ்வில் நகரில் மென்கோதுமை மாவுக்குப் பேர்போன ஒயிட் லில்லி ஆலை 1883-இல் தொடங்கியது. பேக்கிங் பவுடரும் மளிகைக் கடைக்கு வந்துவிட்டதால் பிஸ்கட் அன்றாட உணவாயிற்று. கிரேவி அதற்குத் துணையானது.

அதே காலத்தில் ரயில் பாதைகள் மலைக்காடுகளுக்குள் நுழைந்து மரக்கூப்புகள் பெருகின. ஸ்மோக்கி மலைகளில் லிட்டில் ரிவர் லம்பர் கம்பெனி மட்டும் 1901 முதல் 1939 வரை மரம் வெட்டியது. கூப்பு ஆட்களுக்குப் பொழுது விடியும் முன் வயிறு நிறைய வேண்டும். செலவும் கூடக் கூடாது. கொஞ்சம் கொழுப்பு, ஒரு கை மாவு, கறவை மாடு இல்லாத இடத்தில் டப்பாப் பால் இருந்தால் போதும். ‘சாமில் கிரேவி’, அதாவது மர ஆலைக் கிரேவி, என்ற பெயர் இங்கிருந்து வந்ததாகச் சொல்வார்கள். மக்காச்சோள மாவு போட்டு நறநறவென்று இருந்த கிரேவியைப் பார்த்து, சமையல்காரர் மரத்தூளைக் கலந்துவிட்டார் என்று தொழிலாளர்கள் பழித்ததாக ஒரு கதையும் உண்டு. கதை எப்படியோ, கேலி நியாயமானதே.

செய்முறை மாறவேயில்லை. இரண்டு மேசைக்கரண்டிக் கொழுப்புக்கு அதே அளவு மாவு, ஒரு கப் பால். பச்சை வாசனை போகும்வரை, ஆனால் சிவக்காமல், மாவை வறுக்க வேண்டும். சிவந்தால் நிறம் கெடுவதோடு கெட்டியாக்கும் திறனும் குறையும். கொழுப்பு மாவுத் துகள்களைத் தனித்தனியே பூசிப் பிரித்து வைப்பதால் பால் விடும்போது கட்டி தட்டுவதில்லை. பால் சூடேற மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்ப, கொதி வரும்போது குழம்பு இறுகுகிறது. பிரெஞ்சு சமையலின் பெஷமெல் சாஸும் இதே நுட்பம்தான்; அங்கே வெண்ணெய், இங்கே பொரித்த சட்டியின் அடியில் ஒட்டிய இறைச்சித் துணுக்குகளோடு பன்றிக் கொழுப்பு. சுவையின் பெரும்பங்கு அந்தத் துணுக்குகளில்தான்.

ராணுவமும் இதை எடுத்துக்கொண்டது. உலர்ந்த மாட்டிறைச்சிச் சீவலை வெள்ளைக் குழம்பில் போட்டு டோஸ்ட்டின் மேல் ஊற்றும் உணவு, 1910-ஆம் ஆண்டின் ராணுவச் சமையல் கையேட்டில் 60 பேருக்கான அளவோடு இடம்பெற்றது. இரண்டாம் உலகப் போரின் சிப்பாய்கள் அதற்கு இட்ட பட்டப்பெயர் அச்சேறத் தக்கதல்ல. டெக்சஸில் மாவு தோய்த்துப் பொரித்த மாட்டிறைச்சித் துண்டின் மேல் இதே கிரேவி ஏறியது. 1988-இல் ஓக்லஹோமா மாநிலம் தனக்கென அதிகாரபூர்வ உணவுப் பட்டியலை அறிவித்தபோது, அந்த இறைச்சியும் சாசேஜ் கிரேவியோடு பிஸ்கட்டும் அதில் இடம்பெற்றன.