கோட்டுருவைப் பார்க்காமல் கான்டிக்கை நம்பலாமா?

வரிசையாக்கத்தில் கிடைத்த சிறு துண்டுகளை ஒட்டி நீள வரிசைகளாக்கும் டி.என்.ஏ. தொகுப்பு நிரல் ஓடி முடிந்ததும் வெளியீட்டுக் கோப்புறையில் பல கோப்புகள் குவிந்துகிடக்கும். ஆய்வாளரின் கை நேரே போவது, அப்படி ஒட்டிய வரிசைகளான கான்டிக்குகள் அடங்கிய கான்டிக்ஸ்.ஃபாஸ்டாவுக்குத்தான். அதிலிருந்து கான்டிக் நீளங்களின் அளவுகோலான என்50 மதிப்பைக் கணக்கிட்டுக் கட்டுரையில் சேர்த்ததோடு வாசிப்பு முடிந்துவிடுகிறது. இந்தப் பழக்கம் பிழையான முடிவுகளுக்கு வழிவிடுகிறது என்பது என் வாதம். ஃபாஸ்டா கோப்பில் இருப்பது நிரல் வழங்கிய தீர்ப்பு மட்டுமே; சான்று, துண்டங்களையும் அவற்றின் இணைப்புகளையும் காட்டும் கோட்டுருக் கோப்பில் (ஜி.எஃப்.ஏ.) இருக்கிறது.

2012இல் வெளியான ஸ்பேட்ஸ் நிரலையும், 1997இல் முழு வரிசை வெளியிடப்பட்ட ஈ. கோலை கே-12 பாக்டீரியாவையும் எடுத்துக்கொள்வோம். அதன் மரபணுத்தொகை சுமார் 46 லட்சம் காரங்கள் கொண்ட ஒற்றை வளையம். ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்கூட்டம் அதில் ஏழு இடங்களில், ஏறத்தாழ ஒரே வடிவில், சுமார் 5,000 கார நீளத்தில் அமைந்திருக்கிறது. வரிசையாக்கத்தில் கிடைக்கும் 150 காரத் துண்டுகளால் அவ்வளவு தூரம் தாண்ட முடியாது. ஆகவே நிரல் பெரும்பாலும் ஏழையும் ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துவிடும். ஃபாஸ்டாவை மட்டும் நம்புகிறவர் இந்த உயிரியில் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த 16எஸ் மரபணு ஒன்றுதான் என்று எழுதிவிடலாம்.

முதல் எச்சரிக்கை அதே ஃபாஸ்டாவின் தலைப்பு வரியிலேயே உண்டு. ஒவ்வொரு கான்டிக்கின் பெயரோடும் நீளமும் 'கவ்' என்ற ஆழ மதிப்பும் வரும். மற்றவை 25ஐ ஒட்டி நிற்க, ஒரு சிறு கான்டிக் மட்டும் 180 என்று காட்டினால் அது மடிந்த பகுதியாக இருக்கலாம். இந்த மதிப்பு கார ஆழமன்று, கே-மெர் (கே கார நீளத் துணுக்கு) ஆழம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 150 காரத் துண்டு, கே மதிப்பு 77 என்றால், 50 மடங்குக் கார ஆழம் தலைப்பில் 25க்குச் சற்றுக் குறைவாகத்தான் தெரியும். பாதித் தரவு தொலைந்துவிட்டதோ என்று பதற வேண்டியதில்லை.

ஜி.எஃப்.ஏ. கோப்பைத் திறந்தால் கதை தெளிவாகிறது. எஸ் வரிகளில் துண்டங்கள், எல் வரிகளில் இணைப்புகள், பி வரிகளில் நிரல் தேர்ந்த பாதைகள். 16எஸ் துண்டத்தின் ஒரு முனையிலிருந்து இரு கிளைகள் பிரிந்து, அதே கூட்டத்தின் 23எஸ் துண்டத்தில் மீண்டும் கூடுவதைக் காணலாம். காரணம் இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிப் பகுதி: ஏழில் நான்கில் குளூட்டமிக் அமிலத்துக்கான டி.ஆர்.என்.ஏ. மரபணு இருக்கிறது, மூன்றில் ஐசோலியூசின், அலனின் இரண்டுக்கும் உரியவை இருக்கின்றன. கிளைகளின் ஆழமும் ஏறத்தாழ நாலுக்கு மூன்று என்றே அமையும். (வேகமாக வளரும் செல்களில் இரட்டிப்பு தொடங்கும் இடத்தருகே ஆழம் கூடும், இந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கமே இருப்பதால் கணக்கு அப்படியே பொருந்தாது.) ஃபாஸ்டாவில் இந்தக் கிளைகள் உறவற்ற சிறு கான்டிக்குகளாகச் சிதறிக் கிடக்கும், 500 காரத்துக்குக் கீழே உள்ளவற்றை வடிகட்டுகிறவர்கள் அவற்றைத் தூக்கியே எறிந்துவிடுவார்கள்.

வளைய வடிவப் பிளாஸ்மிடின் நிலையும் இதுதான். தன் முனையோடு தானே இணைந்த துண்டத்தை எல் வரி காட்டிக்கொடுக்கும்; ஃபாஸ்டாவில் அது வெறும் நேர்கோடு.

என்50 இவற்றில் எதையும் சொல்லாது. தவறாக ஒட்டிய இரு கான்டிக்குகளும் அந்த எண்ணை உயர்த்தவே செய்யும். கான்டிக்குகளை இடைவெளி விட்டுக் கோக்கும் ஸ்கஃபோல்டு கோப்பில் வரும் 'என்' எழுத்துகளின் எண்ணிக்கைகூட இடைவெளியின் மதிப்பீடு மட்டுமே.

நீளத்துண்டு வாசிப்பு இச்சிக்கலை இன்று பெருமளவு தீர்க்கிறது. ஆனால் ஏற்கெனவே குவிந்துள்ள குறுந்துண்டுத் தொகுப்புகள் பெரும்பாலும் ஃபாஸ்டாவாக மட்டுமே பகிரப்பட்டுள்ளன. மரபணுப் படியெண்ணையோ பிளாஸ்மிடையோ பற்றிப் பேசும் கட்டுரைகளிடம் ஆய்விதழ்கள் ஜி.எஃப்.ஏ. கோப்பையும், எந்தக் கே மதிப்புகளில் நிரல் ஓடியது என்று காட்டும் பதிவுக் கோப்பையும் சேர்த்தே கேட்க வேண்டும்.