பெயர் மறைந்த பெரியகுளம் தொகுதி

1952இல் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தல் முதல் 2004 வரை மக்களவைக்கு 14 பொதுத் தேர்தல்கள் நடந்தன. அந்தப் பதினான்கிலும் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய தொகுதி பெரியகுளம். 2009 தேர்தலில் அந்தப் பெயர் மக்களவைத் தொகுதிகளின் பட்டியலில் இல்லை. 2008 பிப்ரவரி 19ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறை ஆணையால் பெரியகுளம் மறைந்து தேனி பிறந்தது. அடுத்த மறுவரையறை குறித்து நாடெங்கும் விவாதம் நடக்கும் இக்காலத்தில், மறைந்துபோன இத்தொகுதியின் வரலாற்றை நினைவுகூர்வது பொருத்தமாகும்.

பழைய மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதியான கம்பம் பள்ளத்தாக்கும் அதனை ஒட்டிய சமவெளியுமே பெரியகுளம் தொகுதியின் அடித்தளம். எந்தக் கட்சியும் இதனை நிரந்தரக் கோட்டையாக உரிமை கொண்டாட முடிந்ததில்லை. காங்கிரஸின் தொடக்ககால வெற்றிகளுக்குப் பின், 1967இல் சுதந்திராக் கட்சியின் அஜ்மல்கானும் 1971இல் முஸ்லிம் லீக்கின் எஸ்.எம். முகம்மது ஷெரீப்பும் இங்கு வென்றனர். 1980இல் திமுகவின் கம்பம் நடராஜன், 1984இல் அதிமுகவின் பி. செல்வேந்திரன் எனத் தொகுதி கைமாறிக்கொண்டே இருந்தது. தமிழகச் சட்டப்பேரவைத் தலைவராக இருந்த சேடப்பட்டி முத்தையா 1998இல் இங்கிருந்து மக்களவைக்குச் சென்று, சிறிது காலம் மத்திய அமைச்சராகவும் இருந்தார். 1999இல் டி.டி.வி. தினகரன் வென்றார். 2004இல் வென்ற காங்கிரஸின் ஜே.எம். ஆரூண், பெரியகுளத்தின் கடைசி உறுப்பினராகவும் 2009இல் தேனியின் முதல் உறுப்பினராகவும் ஆனார்.

தொகுதி ஏன் மறைந்தது? 1976இல் நிறைவேறிய 42ஆவது அரசமைப்புத் திருத்தம், மாநிலங்களுக்கான மக்களவை இடங்களின் எண்ணிக்கையை 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அளவிலேயே நிறுத்தியது. 2001இல் வந்த 84ஆவது திருத்தம் அந்தத் தடையை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. எனினும், மாநிலத்துக்குள் எல்லைகளை மாற்றியமைக்க இடமளிக்கப்பட்டது. 2003இல் வந்த 87ஆவது திருத்தம் அதற்கு 2001 கணக்கெடுப்பை அடிப்படையாக்கியது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் அப்பணியை மேற்கொண்டது. தமிழகத்தின் 39 இடங்கள் மாறவில்லை. உள்ளே இருந்த கோடுகள் மாறின. பெரியகுளத்துடன் சிவகாசி, பழனி, புதுக்கோட்டை முதலிய பெயர்களும் மறைந்தன.

இந்த மாற்றத்தில் ஒரு முரண் உண்டு. மக்களவைத் தொகுதிக்குத் தேனியின் பெயர் கிடைத்த அதே ஆணையில், தேனி சட்டப்பேரவைத் தொகுதி நீக்கப்பட்டது. மக்களவைப் பட்டியலிலிருந்து நீங்கிய பெரியகுளம், தனித் தொகுதியாகச் சட்டப்பேரவைப் பட்டியலில் நிலைத்தது. தேனி மாவட்டத்தின் ஐந்து சட்டப்பேரவைத் தொகுதிகள் நான்காகக் குறைந்தன. ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு தேவை என்பதால், மதுரை மாவட்டத்தின் சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனியுடன் சேர்க்கப்பட்டன. திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் புதிய விருதுநகர் தொகுதிக்குச் சென்றன. மதுரை மாவட்டத்தின் பத்துச் சட்டப்பேரவைத் தொகுதிகளில் ஆறு மட்டுமே மதுரை மக்களவைத் தொகுதியில் எஞ்சின. மதுரையின் பெயரால் அறியப்படும் எய்ம்ஸ் மருத்துவமனைக்கான தோப்பூர், மக்களவையில் விருதுநகரின் பகுதியே.

இதனை வெறும் நிர்வாக ஏற்பாடு என்று கருத இயலாது. முல்லைப்பெரியாற்றின் நீர் முதலில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது. பின்னர் வைகை அணையை அடைகிறது. அங்கிருந்து பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான 45,041 ஏக்கர் இருபோகப் பாசனத்துக்கும், மேலூர், திருமங்கலம் பகுதிகளின் ஒருபோகப் பாசனத்துக்கும் செல்கிறது. கம்பமும் சோழவந்தானும் தேனியில், கள்ளந்திரியும் மேலூரும் மதுரையில், திருமங்கலம் விருதுநகரில். ஒரே நீரை நம்பி வாழும் உழவர்களுக்கு மக்களவையில் மூன்று உறுப்பினர்கள். மூவரும் ஒன்றுபட்டால் அது வலிமை. ஆனால், லோயர் கேம்ப்பிலிருந்து மதுரை மாநகருக்குக் குழாய்வழியே குடிநீர் கொண்டுவரும் திட்டத்தைக் கம்பம் பள்ளத்தாக்கு உழவர்கள் எதிர்த்தது போன்ற தருணங்களில், அவரவர் வாக்காளர் பக்கம் நிற்கும் கட்டாயம் மூவருக்கும் ஏற்படுகிறது.

பெரியகுளத்துக்குப் பெயராவது மாறி வாழ்வு கிடைத்தது. புதுக்கோட்டைக்கு அதுவும் இல்லை. அம்மாவட்டத்தின் ஆறு சட்டப்பேரவைத் தொகுதிகள் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நான்கு மக்களவைத் தொகுதிகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. ஒரு மாவட்டத்தின் குரல் நான்கு இடங்களில் சிறுபான்மையாயிற்று.

எண்ணிக்கையே குறையும்போது இழப்பு இன்னும் பெரிது. 1962இல் 41 ஆக இருந்த தமிழகத்தின் மக்களவை இடங்கள், 1967இல் 39 ஆயின. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கு இதுவா பரிசு என்று 2021இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எழுப்பிய வினா இன்றும் விடையின்றி நிற்கிறது. பிரிட்டனிலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. வாக்காளர் எண்ணிக்கையைச் சமப்படுத்தும் விதியால் வேல்ஸின் இடங்கள் 2024 தேர்தலில் 40இலிருந்து 32 ஆகக் குறைந்தன. பழைமையான தொகுதிகள் பல ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. எனினும், அங்கே இனிஸ் மோன் தீவு தனித் தொகுதியாகவே இருக்கும் என்று சட்டம் காத்தது. எண்ணிக்கை மட்டுமே அளவுகோல் ஆகாது என்பதை அச்சட்டமும் ஒப்புக்கொள்கிறது.

நம் மறுவரையறைச் சட்டமும் நில அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. பாசன எல்லையையும் அவற்றோடு சேர்க்க வேண்டும். ஆணையம் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும்போது அரசியல் கட்சிகள் மட்டும் பேசினால் போதாது. பாசன சங்கங்களும் ஊராட்சிகளும் வணிகர் அமைப்புகளும் வரைபடத்துடன் சென்று பேச வேண்டும். இறுதி ஆணை வெளிவந்தபின் அதனை நீதிமன்றத்தில் மாற்றும் வாய்ப்பு மிகக் குறைவு.

வாக்குகளின் மதிப்பு சமமாக இருக்க வேண்டும் என்பதில் இரு கருத்து இல்லை. ஆனால், தொகுதி என்பது தலைகளின் கூட்டல் மட்டுமன்று. ஒரு நீரையும் சந்தையையும் சாலையையும் பகிர்ந்து வாழும் மக்களின் பொதுக் குரல். அடுத்த முறை எல்லைக் கோடு வரையப்படும்போது, வைகைக் கரையின் உழவர்கள் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் இருக்க வேண்டும்.