சப்பாத்துத் தொழிலாளியும் சீர்திருத்தப் பாடசாலையும்

அமெரிக்காவின் முதலாவது அரச சீர்திருத்தப் பாடசாலை மசாசுசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட்பரோவில் 1848ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. குற்றமிழைத்த சிறுவர்களை வளர்ந்தோரின் சிறைகளிலிருந்து பிரித்தெடுத்துத் திருத்துவதே நோக்கம். பின்னாளில் லைமன் பாடசாலை எனப் பெயர் பெற்ற அந்நிறுவனம், காலப்போக்கில் அணிவகுப்பும் மௌனமும் அடியுமாக மாறிப்போனது.

அதே மாநிலத்தில் அதற்கு முன்னரே வேறொரு வழி பிறந்திருந்தது. பொஸ்டனில் சப்பாத்துத் தைத்துவந்த ஜோன் அகஸ்டஸ், 1841இல் நீதிமன்றில் நின்ற குடிகாரர் ஒருவரைத் தமது பொறுப்பில் பிணையெடுத்தார். பின்னர் சிறுவர்களையும் ஏற்றார். அவர்களைப் பாடசாலையிலோ தொழிலிலோ சேர்த்து, நீதிமன்றுக்கு அறிக்கையும் அளித்தார். சம்பளம் கிடையாது. அவரை எதிர்த்தோரில் நீதிமன்ற ஊழியர்களும் இருந்தனர். ஆள் சிறைக்குப் போனால்தானே அவர்களுக்குக் கட்டணம்! 1859இல் மறையும்வரை ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்கு அவர் பிணை நின்றார். சம்பளம் பெறும் நன்னடத்தை உத்தியோகத்தரை நியமிக்கும் சட்டம் 1878இல்தான் அங்கு வந்தது.

1969இல் மாநில இளைஞர் சேவைகள் திணைக்களத்தின் தலைவராக நியமிக்கப்பட்ட ஜெரோம் மில்லர், முதலில் இந்தப் பாடசாலைகளை உள்ளிருந்தே மாற்ற முனைந்தார். மௌன விதியை நீக்கினார். முடி வளர்க்க அனுமதித்தார். ஊழியர்கள் முரண்டுபிடித்தனர். மூடிவிடுவதே மேல் எனத் துணிந்தார். 1972 ஜனவரியில் லைமன் சிறுவர்கள் வாகனத் தொடரணியில் அம்ஹெர்ஸ்டிலுள்ள மசாசுசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மாணவர்களின் துணையோடு ஏறத்தாழ ஒரு மாதம் விடுதிகளில் தங்கினர். பின்னர் சிலர் வீடு திரும்பினர். சிலர் வளர்ப்புக் குடும்பங்களுக்கும் சிறு இல்லங்களுக்கும் சென்றனர். சமூகத்துக்குள்ளேயே நெருங்கிக் கண்காணிக்கும் திட்டங்கள் இவ்வாறு வேரூன்றின. ஓர் உத்தியோகத்தர் சில இளைஞர்களை மட்டும் பொறுப்பேற்பார்; பாடசாலையிலும் வீட்டிலும் தெருவிலும் அவர்களைத் தேடிச் சந்திப்பார்.

பயன் என்ன? நீதிமன்றச் செய்திகள் எழுதிய இளமைக் காலத்தில், சிறுவன் எங்கே அனுப்பப்பட்டான் என்பதோடு என் செய்தி முடிந்துவிடும். பிறகு அவன் என்னவானான் என நான் விசாரித்ததேயில்லை. ஹாவார்ட் ஆய்வாளர்கள் விசாரித்தனர். மாநிலம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கையில் மீளக் குற்றமிழைத்தல் குறையவில்லை; பல்வகைத் திட்டங்கள் செம்மையாக அமைந்த பிரதேசங்களில் மட்டும் நிலைமை சீரடைந்திருந்தது.

1980களில் சிறைகள் நிரம்பி வழிந்தபோது ‘தீவிரக் கண்காணிப்பு’ என்ற பெயர் அமெரிக்கா எங்கும் பரவியது. வளர்ந்தோருக்கான அத்தகைய 14 திட்டங்களை ராண்ட் நிறுவனம் ஆராய்ந்து 1990களின் தொடக்கத்தில் முடிவுகளை வெளியிட்டது. புதிய கைதுகள் குறையவில்லை. உற்றுப் பார்க்கப் பார்க்க நிபந்தனை மீறல்களே அதிகம் அகப்பட்டன. அவற்றுக்காகவே பலர் மீண்டும் சிறை சென்றனர். கண்காணிப்போடு சிகிச்சையும் வேலையும் கிடைத்தோரிடையே மட்டும் மீள்கைதுகள் குறைவாக இருந்தன.