தாடையைத் திறந்த கம்பி

குழந்தை இடுப்பெலும்பைத் தாண்ட முடியாமல் சிக்கிக்கொள்ளும் பிரசவங்களுக்காகப் பிறந்தது இந்தக் கம்பி. இத்தாலிய மகப்பேறு மருத்துவர் லியோனார்டோ ஜிலி 1894இல் முறுக்குக் கம்பியை ரம்பமாக்கினார். எலும்புக்குப் பின்னால் அதை நுழைத்து, இரு முனைகளிலும் கைப்பிடி மாட்டி மாறி மாறி இழுத்தால், எலும்பு உள்ளிருந்து வெளிப்பக்கமாக அறுபடும். 1897க்குள் மண்டையோட்டைத் திறக்கவும் அது பயன்பட்டது. பிறகு தாடைக்கு வந்தது.

அடிநாக்கிலோ டான்சிலிலோ வளரும் கட்டியை வாய் வழியே எட்டுவது கடினம். அதற்காகத் தாடையைப் பிளக்கும் எண்ணம் ஜிலிக்கும் மூத்தது. பிரெஞ்சு மருத்துவர் ரூ 1836இலேயே அதை விவரித்துவிட்டார். பின்னாளில் வளர்ந்த முறையில், கீழுதட்டை நடுவில் கீறி, முன்பற்களுக்கும் கோரைப்பல்லுக்கும் இடையே எலும்பை அறுத்து, தாடையைக் கதவுபோல் ஒருபக்கம் விலக்குவார்கள். அந்த இடத்தில் அறுத்தால் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு தப்பும். அறுப்பதற்கு முன்பே தகடு பொருத்தத் துளையிட்டு வைப்பார்கள். அப்போதுதான் மூடும்போது மேல்வரிசையும் கீழ்வரிசையும் பழையபடி சேரும். அறுப்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. எனக்கோ, அந்தத் துளைகளை நினைத்தால்தான் மருத்துவரின் மேல் மரியாதை கூடுகிறது: திறப்பதற்கு முன்பே மூடுவதை யோசித்திருக்கிறார்.

இன்று கம்பியின் இடத்தில் மோட்டார் ரம்பம் இருக்கிறது. தாடையைத் தொடாமல் வாய் வழியே நுழையும் ரோபோ கைகளுக்கு அமெரிக்கா 2009இல் அனுமதி தந்தது. ஆனால் பெரிதாகிவிட்ட கட்டிக்குத் தாடையைத் திறக்க வேண்டிய நிலை இன்றும் வருகிறது.

ஸ்ரீ கெம்பாங்கானில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணம் உண்டு. மலேசிய மக்கள்தொகையில் இந்தியர்களாகிய நாம் 7 விழுக்காடு அளவே. வாய்ப் புற்றுநோயில் நம் பங்கு அதைவிட மிக அதிகம். தோட்டத்தில் வேலை செய்த பாட்டிமார் பால்மரக் காட்டில் மென்ற வெற்றிலையைத் தாமான் வீட்டுக்கும் கொண்டுவந்தார்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. பழக்கம் என்னவோ இன்னும் சில வீடுகளில் இருக்கிறது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இன்றிரவு டார்ச் அடித்து அவர்கள் வாயைப் பாருங்கள். வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இரண்டு வாரம் ஆறாத புண்ணோ இருந்தால், அருகிலுள்ள அரசாங்கப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.