சவுக்கு

சவுக்கு என்பது வெப்பமண்டலக் கடற்கரைகளில் வேகமாக வளரும் பசுமை மாறா மரம் ஆகும். இதன் அறிவியற் பெயர் கேசுவரினா ஈக்விசெட்டிபோலியா. இது கேசுவரினேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் ஆகியன இதன் இயல்பான வாழிடங்கள். இந்தியாவில் அந்தமான் தீவுகளிலும் இது இயற்கையாக வளர்கிறது. தமிழகக் கடலோரத்தில் காணப்படுபவை நட்டு வளர்க்கப்பட்ட மரங்களே. இராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன் தீவின் மணற்பரப்பில், தனுஷ்கோடி செல்லும் சாலையை ஒட்டிச் சவுக்குத் தோப்புகளைக் காணலாம்.

பைன் மரமா?

தோற்ற ஒற்றுமையால் இம்மரம் "ஆஸ்திரேலியப் பைன்" என்றும் அழைக்கப்படுகிறது. ஆனால் பைன் வித்துமூடியிலித் தாவரம். சவுக்கோ பூக்கும் தாவரம். ஊசி இலை போலத் தெரிபவை உண்மையில் மெல்லிய பச்சைத் தண்டுகள் ஆகும். ஒளிச்சேர்க்கை இத்தண்டுகளிலேயே நடைபெறுகிறது. இலைகள் கணுக்களைச் சுற்றிச் சிறு பற்கள் போலக் குறுகியுள்ளன. இந்த அமைப்பு நீரிழப்பைக் குறைக்கிறது. தீபகற்ப இந்தியாவில் இயற்கையாக வளரும் பைன் இனம் எதுவும் இல்லை. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் உள்ள பைன் மரங்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை.

வளர்ச்சி

இராமநாதபுரம் மாவட்டம் மழை குறைந்த பகுதி. மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெய்கிறது. சத்துக் குறைந்த மணலிலும் சவுக்கு வளர்வதற்கு அதன் வேர் முடிச்சுகள் உதவுகின்றன. இம்முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிரி, காற்றிலுள்ள நைட்ரசனை மரம் பயன்படுத்தக்கூடிய வடிவுக்கு மாற்றுகிறது. அவரைக் குடும்பத் தாவரங்களில் இதே பணியை ரைசோபியம் செய்கிறது.

தோட்டங்களில் மரங்கள் நெருக்கமாக நடப்பட்டு, பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டுகளில் வெட்டப்படுகின்றன. கழிகள் பந்தல் போடவும், கட்டடச் சாரம் கட்டவும், விறகாகவும், காகிதக் கூழ் தயாரிக்கவும் பயன்படுகின்றன. வெட்டிய அடிக்கட்டை நன்கு துளிர்ப்பதில்லை என்பதால் ஒவ்வொரு முறையும் புதிய கன்றுகளை நடவேண்டும். எனவே கன்றின் தரமே விளைச்சலைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

மரபியலும் இன மேம்பாடும்

சவுக்கின் உடற்கலங்களில் 18 நிறப்புரிகள் உள்ளன. காற்றின் மூலம் மகரந்தச் சேர்க்கை நடைபெறுகிறது. ஆண் மரம், பெண் மரம், இருபாற் பூக்களும் கொண்ட மரம் என மூவகையும் ஒரே தோட்டத்தில் காணப்படலாம். 2019ஆம் ஆண்டில் இதன் முழு மரபணுத்தொகை வரிசை வெளியிடப்பட்டது. அதன் அளவு ஏறத்தாழ 30 கோடி இணைகள் ஆகும்.

இந்தியாவில் 19ஆம் நூற்றாண்டில் நீராவித் தொடர்வண்டிகளுக்கு விறகு பெறுவதற்காகச் சவுக்குத் தோட்டங்கள் பெருமளவில் உருவாக்கப்பட்டன. சில மரங்களிலிருந்து மட்டுமே விதை சேகரித்து அதையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தும்போது, நெருங்கிய உறவுடைய மரங்களிடையே கலப்பு நிகழ்ந்து வீரியம் குறையும். இதனைத் தவிர்க்கப் பல நாடுகளின் விதைகளை ஒரே இடத்தில் நட்டு ஒப்பிடும் பன்னாட்டுச் சோதனைகள் 1990களில் நடத்தப்பட்டன.

கோயம்புத்தூரில் 1988இல் நிறுவப்பட்ட வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் இத்துறையில் முக்கியப் பங்காற்றி வருகிறது. இந்தோனேசியாவைச் சேர்ந்த கேசுவரினா சுங்குனியானா என்னும் இனம், நேரான தண்டும் வறட்சி தாங்கும் தன்மையும் கொண்டது. இவ்வினத்தையும் உள்ளூர்ச் சவுக்கையும் கலந்து கலப்பினங்கள் உருவாக்கப்பட்டுள்ளன. தேர்ந்தெடுத்த மரத்தின் இளந்தண்டுகளை வேர்விடச் செய்து பெறப்படும் கன்றுகள் குளோன் எனப்படும். இவை தாய்மரத்தின் மரபுக்கூறுகளை அப்படியே கொண்டிருப்பதால் தோட்டம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராக வளர்கிறது.

ஒரே குளோனின் ஆபத்து

இந்தச் சீர்மையே பலவீனமாகவும் அமையக்கூடும். டிரைக்கோசுபோரியம் வெசிக்குலோசம் என்னும் பூஞ்சையால் ஏற்படும் பட்டைக் கொப்புள நோய் மரத்தையே பட்டுப்போகச் செய்யும். பட்டையில் தோன்றும் கொப்புளங்கள் வெடித்துக் கரிய வித்துத்தூள் வெளிப்படுவது இதன் அடையாளம். விதைக் கன்றுகளால் ஆன தோட்டத்தில் சில மரங்களேனும் எதிர்ப்புத்திறன் பெற்றிருக்கக்கூடும். ஒரே குளோனால் ஆன தோட்டத்தில் ஒரு மரம் நோய்க்கு இலக்காகும் தன்மையுடையதாயின் எல்லா மரங்களும் அவ்வாறே இருக்கும். ஆகவே பல குளோன்களைக் கலந்து நடுதல் பாதுகாப்பானது.

கடற்கரைப் பாதுகாப்பும் சூழலியலும்

1964 திசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடி நகரை அழித்தது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், தமிழகக் கடலோரத்தில் காற்றுத்தடுப்பு மரவரிசைகள் மேலும் நடப்பட்டன. கடலூர்ப் பகுதியில் மேற்கொள்ளப்பட்டு 2005இல் வெளியான ஆய்வொன்று, அலையாத்திக் காடுகளும் சவுக்கு வரிசைகளும் இருந்த இடங்களில் சேதம் குறைவாக இருந்ததாகக் கூறியது. நிலத்தின் உயரமும் கடலிலிருந்து உள்ள தொலைவும் சேதத்தைத் தீர்மானிப்பதில் முக்கியமானவை என்று வேறு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். காற்றின் வேகத்தையும் மணல் நகர்வையும் குறைப்பதில் சவுக்கின் பயன் தெளிவானது. பேரலையைத் தடுக்கும் அரணாக அதை மட்டும் நம்ப இயலாது.

அடர்ந்து உதிரும் சருகும் நிழலும் பிற செடிகள் முளைப்பதைத் தடுக்கின்றன. மணல்மேடுகளைப் பிணைத்து வைக்கும் இராவணன் மீசைப் புல், அடும்புக் கொடி போன்ற இயல்தாவரங்கள் இதனால் குறைகின்றன. அலை எட்டும் எல்லைக்கு மிக அருகில் நடப்படும்போது கடலாமைகள் முட்டையிடும் மணற்பரப்பும் சுருங்குகிறது. இதனால் மணல்மேட்டின் முகப்பை இயல்தாவரங்களுக்கு விட்டு, சவுக்கை உட்பகுதியில் பனை, குடைவேலம் போன்ற வறட்சி தாங்கும் மரங்களுடன் சேர்த்து வளர்ப்பது பொருத்தமான முறையாகக் கருதப்படுகிறது.