ஆலோசகரும் மூலதனமும்: அல்ஸைமர் நோயாராய்ச்சியின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

விஞ்ஞான வரலாற்றை எழுதுவோர் கண்டுபிடித்தவர்களைப் பற்றி எழுதுகின்றனர். கம்பனிகளின் வரலாற்றை எழுதுவோர் முதலிட்டவர்களைப் பற்றி எழுதுகின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையில் நின்று, பல்கலைக்கழகத்தில் உருவான அறிவைக் கம்பனியின் ஆய்வுத் திட்டமாக மாற்றிக் கொடுப்பவர் ஒருவர் உளர். அவரே ஆலோசகர். உயிரித் தொழினுட்பக் கம்பனிகளில் அவர் இரு வடிவங்களிற் காணப்படுகின்றார். எந்த மூலக்கூற்றை எவ்வழியில் தாக்குவது என்று கூறுபவர் விஞ்ஞான ஆலோசகர். எத்தகைய நோயாளரிடம், எவ்வளவு காலம், எதனை அளந்து மருந்தைச் சோதிப்பது என்று கூறுபவர் மருத்துவ ஆலோசகர். அல்ஸைமர் நோயைப் பொறுத்தவரையில் இவ்விருவரது வரலாறு ஏறத்தாழ நாற்பதாண்டு வரலாறே. ஆயினும் அறிவு எவ்வாறு சரக்காகின்றது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் துறை வேறு அதிகம் இல்லை எனலாம்.

அலொய்ஸ் அல்ஸைமர் தமது நோயாளியின் மூளையிற் கண்ட மாற்றங்களை 1906 இல் டியூபிங்கன் நகரிற் கூடிய மனநோய் மருத்துவர்களிடையே எடுத்துரைத்தார். கிரப்பெலின் 1910 இல் தமது பாடநூலில் அந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரைச் சூட்டினார். அதன் பின்னர் அறுபதாண்டுகளுக்கு மேலாக அது நடுவயதினரைத் தாக்கும் அரிய நோயாகவே கருதப்பட்டது; முதியோரின் மறதி முதுமையின் கூறாகக் கொள்ளப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் முதுமை பற்றிய தேசிய நிறுவகம் 1974 இல் அமைந்ததும், முதியோரின் மறதியும் அல்ஸைமரின் நோயும் ஒன்றே என 1976 இல் நரம்பியலாளர் றொபேட் கற்ஸ்மன் வாதிட்டதும் இந்நிலைமையை மாற்றின. அரிய நோயொன்று இலட்சக்கணக்கானோரின் நோயாயிற்று. இம்மாற்றம் மருத்துவ நியாயம் உடையதே. ஆனால் இதன் விளைவாகப் பொதுப்பணம் ஆய்வுகூடங்களை நோக்கிப் பாய்ந்தது என்பதும், பெருஞ்சந்தை ஒன்று கண்ணுக்குத் தெரியலாயிற்று என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

அச்சந்தைக்கான சட்ட வாயில் 1980 இல் திறக்கப்பட்டது. அரசாங்க நிதியிற் செய்யப்பட்ட கண்டுபிடிப்புகளுக்குப் பல்கலைக்கழகங்களே காப்புரிமை பெறலாம் என்ற பேய்–டோல் சட்டம் அவ்வாண்டில் நிறைவேறிற்று. மாற்றியமைக்கப்பட்ட உயிரிக்குக் காப்புரிமை வழங்கலாம் என அமெரிக்க உயர் நீதிமன்றம் சக்கரபர்த்தி வழக்கிற் கூறியதும் அவ்வாண்டிலேயே. முன்னர் பேராசிரியர் ஒருவர் கம்பனிக்கு ஆலோசனை கூறுவது பக்கத் தொழிலாக இருந்தது. இப்பொழுது அவர் கம்பனியைத் தோற்றுவிப்பவராகவும் பங்குடைமையாளராகவும் ஆகக்கூடிய நிலை உருவாயிற்று.

1984 இல் ஜோர்ஜ் கிளெனரும் கெயின் வொங்கும் நோயாளரின் மூளைக் குருதிக்கலன்களிற் படிந்திருந்த அமிலோயிட் புரதத்தைப் பிரித்தெடுத்து இனங்கண்டனர். ஈராண்டுகளின் பின், 1986 இல், கலிபோர்னியாவில் அதீனா நியூரோசயன்ஸஸ் என்னும் கம்பனி தோன்றிற்று. அதன் விஞ்ஞான மூலவர் ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டெனிஸ் செல்கோ. அமிலோயிட் படிவதே நோயின் முதற்காரணம் என்ற கருதுகோளை ஜோன் ஹார்டியும் ஜெரல்ட் ஹிக்கின்ஸும் 1992 இல் வரைவுபடுத்தினர். அதனை வலுவாக எடுத்துரைத்து வந்தோருள் செல்கோ முதன்மையானவர். செல்கோவின் நேர்மையை ஐயுறுவது எமது நோக்கமன்று. அவர் தமது கருதுகோளை உண்மையாகவே நம்பினார் என்பதற்கு அவரது ஆய்வு வாழ்வு முழுவதும் சான்று பகரும். நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஆய்வுகூடத்தில் ஒரு கருதுகோள் பிழைத்தால் ஆய்வாளர் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். காப்புரிமைகளும் பங்குகளும் அதன்மேல் எழுப்பப்பட்ட பின்னர் கருதுகோள் ஒரு சொத்தாகி விடுகின்றது. சொத்தை எவரும் இலகுவிற் கைவிடுவதில்லை.

அதீனாவின் ஆய்வாளர்கள் அங்கம் வகித்த குழுவொன்று மூளையில் அமிலோயிட் படியும் எலியை 1995 இல் உருவாக்கிற்று. 1996 இல் அயர்லாந்தின் எலான் கம்பனி அதீனாவை வாங்கிக்கொண்டது. அங்கு டேல் ஷெங்க் என்பாரின் குழுவினர், அமிலோயிட்டையே தடுப்பூசியாக ஏற்றியபொழுது எலிகளில் அதன் படிவு குறைந்ததென 1999 இல் வெளியிட்டனர். மனிதரிடம் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில் ஊசி பெற்ற 300 பேரில் 18 பேருக்கு மூளையிலும் மூளையுறையிலும் அழற்சி ஏற்படவே, 2002 ஜனவரியில் ஊசியேற்றுவது நிறுத்தப்பட்டது. இவற்றினும் முக்கியமான செய்தி பின்னரே வந்தது. முதற்கட்டச் சோதனையிற் பங்குபற்றி இறந்தோர் சிலரின் மூளையில் அமிலோயிட் பெரும்பாலும் அகன்றிருந்தபோதிலும், அவர்கள் கடுமையான மறதி நோயுடனேயே இறந்தனர் என 2008 ஜூலையில் லான்செட் சஞ்சிகையில் வெளியான ஆய்வு காட்டிற்று. கருதுகோளை மறுபரிசீலனை செய்வதற்கு இதைவிடத் தகுந்த தருணம் அரிது. ஆனால் அதே கருதுகோளின்மீது எழுந்த அடுத்த மருந்தான பப்பினியூசுமாப் அப்பொழுது சோதனையில் இருந்தது.

அதே ஜூலையிற்றான் மருத்துவ ஆலோசகரின் வரலாற்றிலே மறைக்கவியலாத நிகழ்வொன்று இடம்பெற்றது. எலானும் வையத் கம்பனியும் நடத்திய பப்பினியூசுமாப் சோதனையின் பாதுகாப்புக் கண்காணிப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மிச்சிகன் பல்கலைக்கழக நரம்பியல் பேராசிரியர் சிட்னி கில்மன். முதலீட்டாளருக்கு நிபுணர்களைத் தேடிக்கொடுக்கும் நிறுவனமொன்றின் மூலம், மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1,000 டொலர் பெற்று, அவர் எஸ்.ஏ.சி. கப்பிற்றல் என்னும் முதலீட்டு நிறுவனத்தைச் சேர்ந்த மத்தியூ மார்தோமாவுடனும் உரையாடி வந்தார். சோதனையின் முடிவுகள் ஜூலை 29 அன்று சிக்காகோ மாநாட்டில் வெளியிடப்படுமுன்னரே அவற்றை அவரிடம் கூறிவிட்டார். அந்நிறுவனம் தன்னிடமிருந்த பங்குகளை விற்றுத் தள்ளிற்று. கிடைத்த இலாபமும் தவிர்த்த நட்டமும் சேர்ந்து ஏறத்தாழ 27.5 கோடி டொலர். 2014 இல் மார்தோமாவுக்கு ஒன்பதாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கில்மன் அவருக்கெதிராகச் சாட்சியமளித்தார்.

இதனை ஒரு முதிய பேராசிரியரின் ஒழுக்கக்கேடாகக் காட்டி முடித்துவிடுவது பத்திரிகைகளின் வழக்கம். சிந்திக்க வேண்டியது விலையைப் பற்றியே. நோயாளருக்கு மருந்தினால் தீங்கு நேர்கின்றதா என அறியும் பொருட்டுத் திரட்டப்பட்ட தகவல், நோயாளருக்கு எப்பயனும் அளிக்குமுன்னரே பங்குச் சந்தையிற் கோடிக்கணக்கான பெறுமதி உடையதாயிருந்தது. ஆலோசகரின் நா அப்பெறுமதி வெளிப்படும் வாயில் மட்டுமே. வள்ளுவர் அமைச்சியலில் ‘மன்னரைச் சேர்ந்தொழுதல்’ என்றும் ‘அவையஞ்சாமை’ என்றும் இரு அதிகாரங்களை வைத்தார். முடியுடை வேந்தர் காலத்து ஆலோசகருக்கு இருந்த அம்முரண்பாடு, மன்னனின் இடத்தைச் சந்தை பிடித்துக்கொண்ட காலத்திலும் தீர்ந்தபாடில்லை.

பப்பினியூசுமாப் 2012 இல் மூன்றாம் கட்டச் சோதனையிலே தோல்வி கண்டது. அதன் பின்னர் வந்த அடுகனுமாப் என்னும் மருந்தின் கதையில் மூன்றாவது வகை ஆலோசகர் மேடைக்கு வருகின்றார். இவர் கம்பனிக்கன்றி அரசுக்கு ஆலோசனை கூறுபவர். பயோஜென் கம்பனி தனது இரு சோதனைகளையும் பயனற்றவை எனக் கருதி 2019 மார்ச்சில் நிறுத்திற்று. அக்டோபரில், மேலதிகத் தரவுகளின்படி ஒரு சோதனை வெற்றியென்று கூறி அங்கீகாரம் கோரப்போவதாக அறிவித்தது. அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தின் ஆலோசனைக் குழு 2020 நவம்பர் 6 அன்று கூடியது. அந்த ஒரு சோதனையை மருந்தின் பயனுக்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளலாமா என்ற வினாவுக்குப் பத்துப் பேர் இல்லை என்றனர். ஒருவர் உறுதியாகக் கூறவியலாது என்றார். ஆம் என்றவர் எவருமில்லை. 2021 ஜூன் 7 அன்று மருந்து அங்கீகரிக்கப்பட்டது. நோயாளரின் நிலை மேம்பட்டதென்பது அதற்கு ஆதாரமாகவில்லை. அமிலோயிட் குறைந்தது என்பதே ஆதாரமாயிற்று. அப்பொழுது ஆண்டொன்றுக்கு விலை 56,000 டொலராக இருந்தது.

குழுவின் உறுப்பினர் மூவர் பதவி துறந்தனர். அவர்களுள் மேயோ மருத்துவ நிலையத்தின் டேவிட் நொப்மன் தனித்துக் குறிப்பிடத்தக்கவர். அவர் அம்மருந்துச் சோதனையின் ஆய்வாளர்களுள் ஒருவராய் இருந்தமையால் நவம்பர்க் கூட்டத்திற் பங்கெடுக்காது விலகி நின்றவர். கம்பனியின் சோதனையிற் பணியாற்றிய அவரே அத்தரவுகள் பயனை நிறுவவில்லையென்று கட்டுரையும் எழுதினார். ஆலோசகர் கூலிக்கு வாய் திறப்பவர் என்ற எளிய சூத்திரம் அவரிடம் பொய்த்துப் போகின்றது. மூலதனத்தோடு கொண்ட உறவு ஆலோசகரின் நிலையை வரையறுக்கின்றது. அவரது சொல் முழுவதையும் அது தீர்மானித்து விடுவதில்லை. எம்மிடையே இலக்கிய விமரிசனத்தில் எழுத்தாளனின் வர்க்கத்தைக் கண்டதும் பிரதியை மூடிவிடுவோர் இதனையும் கருத்திற் கொள்வது நன்று.

நிருவாகத்திற்கும் பயோஜெனுக்கும் இடையே நிகழ்ந்த தொடர்பாடல்கள் வழமைக்கு மாறானவை என அமெரிக்கக் காங்கிரசின் விசாரணை அறிக்கை 2022 டிசம்பரிற் கூறிற்று. முதியோருக்கான அரச காப்புறுதி அம்மருந்துக்குப் பொதுவாகப் பணம் செலுத்த முன்வரவில்லை. 2024 ஜனவரியிற் கம்பனி அதனைக் கைவிடுவதாக அறிவித்தது.

அமிலோயிட்டை அகற்றும் இன்னொரு மருந்தான லெக்கனமாப் 2023 ஜூலையில் முழு அங்கீகாரம் பெற்றது. இம்முறை ஆலோசனைக் குழுவில் வாக்களித்த அறுவரும் ஆம் என்றனர். சோதனையின் தரவும் முன்னையதை விடத் தெளிவானது. கருதுகோள் முற்றிலும் பிழை என்று இனிக் கூறுதல் இயலாது. ஆனால் பதினெட்டு மாத முடிவில், 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில், மருந்து பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே காணப்பட்ட வேறுபாடு 0.45 புள்ளி. புள்ளிவிபரவியல் இதனை வேறுபாடென ஏற்கின்றது. இரு வாரத்துக்கொருமுறை நாளத்தில் மருந்தேற்றவும், மூளையில் வீக்கமோ குருதிக்கசிவோ உண்டா எனப் படமெடுக்கவும் முதியவரை அழைத்துவரும் குடும்பத்துக்கு அவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியுமா என்பதில் நரம்பியலாளர்கள் இரண்டுபட்டு நிற்கின்றனர். தெரியும் என்போரும் தெரியாது என்போரும் ஒரே சஞ்சிகைகளில் எழுதுகின்றனர். யார் யாரிடம் ஊதியம் பெற்றனர் என்பது அக்கட்டுரைகளின் இறுதியிற் சிறிய எழுத்தில் அச்சாகின்றது.