சி.எஸ்.கே ஜெயிச்சா 'நாம ஜெயிச்சோம்'... ஏன் அப்படிச் சொல்றோம்?

மேட்ச் நாள். வாட்ஸ்அப் குரூப் முழுக்க மஞ்சள் ஹார்ட்டின். உங்களுக்கோ ஸ்கோர்கூடத் தெரியாது. 'நமக்கு மட்டும் ஏன் இதுல ஆர்வமே வரலை?' என்று யோசித்திருக்கிறீர்களா?

1976-ல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி ஃபுட்பால் டீம் ஜெயித்தால், அடுத்த திங்கட்கிழமை கல்லூரிப் பெயர் போட்ட உடையில் வரும் மாணவர்கள் அதிகமானார்கள். ஜெயித்தால் 'நாம'; தோற்றால் 'அவங்க'. அடுத்தவர் வெற்றியில் கொஞ்சம் குளிர்காய்வது மனித இயல்பு.

ஆனால், வெற்றி மட்டுமே காரணமில்லை. தடையால் 2016, 2017 சீஸன்களில் சி.எஸ்.கே ஆடவே இல்லை. 2018-ல் ஹோம் மேட்ச்கள் புனேவுக்கு மாறியபோது ரயிலேறிப் போனார்கள் ரசிகர்கள். 'நானும் இந்தக் கூட்டத்துல ஒருத்தன்' என்ற உணர்வு அது.

அந்த ஒட்டுதல் பெரும்பாலும் சின்ன வயதில் அப்பா, அண்ணன், தெரு நண்பர்கள் வழியாக வருகிறது. அப்படி அமையாதவர்களுக்கு அதே உணர்வை சினிமாவோ, பைக் குரூப்போ, புத்தக வட்டமோ தந்துவிடும். உங்களிடம் குறை ஒன்றும் இல்லை பாஸ்!

ரசிகரா? தோற்ற கோபத்தை வீட்டில் காட்டாதீங்க. ரசிகர் இல்லையா? 'வெறும் கேம்தானே' என்று சொல்வதற்குப் பதில், 'இந்த டீம் உனக்கு எப்படிப் பிடிச்சது?' என்று கேளுங்க. அவர் அப்பாவைப் பற்றிக்கூடப் பேச ஆரம்பிக்கலாம்.